நோக்கி மறையும் கண்: மணவிழாப் படக்கலை பற்றிய ஒரு திறனாய்வு

மணவிழா ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. பந்தல் பிரிக்கப்படுகிறது, வாயிலில் நட்ட வாழை வாடுகிறது, வந்த உறவினர் அவரவர் ஊருக்குத் திரும்புகின்றனர். எஞ்சி நிற்பது படத்தொகுப்பு ஒன்றே. பெற்றோர் மறைந்த பின் மக்களும், மக்களுக்குப் பின் பேரரும் அந்த நாளை அதன் வழியாகவே அறிவர். ஆதலால், படம் எடுப்பவரைத் தேர்ந்தெடுப்பது என்பது குடும்பத்தின் கதையை யார் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்வதாகும். ஆயினும், மண்டபத்துக்கும் நகைக்கும் விருந்துக்கும் மாதக்கணக்கில் ஆராயும் குடும்பங்கள், இதனை ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துவிடுகின்றன. விலை கேட்கப்படுகிறது, கதை சொல்லும் திறன் கேட்கப்படுவதில்லை.

இக்குறையின் பொருள் என்ன என்பதைக் கோலா கிளாவாங்கை நினைத்தால் உணரலாம். சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைச் சாலை வழியே சென்றால் வரும் இவ்வூர், நெகிரி செம்பிலான் மாநிலத்து ஜெலுபு மாவட்டத்தின் தலைநகர். அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி மரபு வேரூன்றிய இம்மாநிலத்தில், வழக்காறுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைந்திருப்பது இவ்வூரில்தான். ஒரு மக்களின் வாழ்வை வரலாற்று ஏடுகள் மட்டும் காட்டுவதில்லை, சடங்கும் காட்டும் என்னும் தெளிவு அதனை அமைத்தோருக்கு இருந்திருக்கிறது. இம்மாநிலத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தமிழரின் மணச்சடங்குகள் எங்கே காக்கப்படுகின்றன? அலமாரியின் மேல்தட்டில், பழைய சேலைத் துணியில் சுற்றிவைத்த படத்தொகுப்புகளில்தான். அவையே அம்மக்களின் அருங்காட்சியகம். அவற்றை உருவாக்கியவர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு வரலாற்றாசிரியரின் பணியைச் செய்தவராவார்.

பழைய படங்களின் இலக்கணம்

தோட்டத்துக் குடும்பங்களிடம் உள்ள பழைய மணப்படங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புடையவை. மணமக்கள் விறைப்பாக நிற்பர் அல்லது நாற்காலியில் அமர்ந்திருப்பர். முகத்தில் சிரிப்பு இராது. பின்னே ஒரு திரைச்சீலை தொங்கும். இவற்றைக் கலையுணர்வு அற்றவை என்று இன்றைய இளைஞர் எள்ளுவதுண்டு. அது நேர்மையான திறனாய்வு ஆகாது. கருவியின் இயல்பே அவ்வடிவத்தை விதித்தது. அக்காலத்துச் சதுரப் படப்பெட்டியில் ஒரு சுருளுக்குக் கிடைப்பவை 12 படங்களே. சிறிய படப்பெட்டியின் சுருளிலும் 36 படங்களுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. சுருளின் ஒளியுணர் திறனும் குறைவு. ஆகவே அசையாது நிற்பது கட்டாயமாயிற்று. ஒவ்வொரு படமும் காசு. ஒரு படமும் வீணாகக் கூடாது என்ற அச்சத்தில் கலைஞர் ஆணையிட்டார்; மணமக்கள் கீழ்ப்படிந்தனர். அந்த விறைப்பினுள்ளும் ஒரு பெருமிதம் இருந்தது. நாள்தோறும் விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பிறர் சொல் கேட்டு உழைத்தவர்கள், அந்த ஒரு நாள் புதுவேட்டியும் கூறைச்சேலையுமாகத் தங்கள் முழு உயரத்தில் நின்றனர். அந்நிற்றல் பொய்யன்று.

ஆயினும் குறை ஒன்று உண்டு. அது திரைச்சீலையில் இருக்கிறது. ஏழ்மை தெரியக்கூடாது என்று அது கட்டப்பட்டது. தூண்களும் பூந்தொட்டிகளும் வரையப்பட்ட அத்திரை மறைத்தவை எவை? லயத்து வீட்டின் பலகைச் சுவர், கோயில் வாசல், பால்மர வரிசை, வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள். தொல்காப்பியர் தெய்வம், உணா, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்று வகுத்தார். தோட்டத்து வாழ்வுக்கும் கருப்பொருள் உண்டு. மாரியம்மன் தெய்வம், பால்மரம் மரம், உறுமி பறை, பால்வெட்டு தொழில். திரைச்சீலை இக்கருப்பொருளை நீக்கி, மாந்தரை மட்டும் நிறுத்தியது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் இருந்த நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்கள் பல இடிக்கப்பட்டன. மறைக்க வேண்டியது என்று கருதப்பட்டதே இன்று தேடியும் கிடைக்காத செல்வமாயிற்று.

இவ்விழப்புக்கு மற்றொரு முகமும் உண்டு. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்தாக வேண்டும் என்று விதிக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்துத் திருமணங்கள் பல, கோயிலையும் உற்றாரையும் மட்டுமே சான்றாகக் கொண்டு வழக்காற்று முறையில் நடந்தன. அந்தச் சான்றோர் பலர் இன்று இல்லை. அத்தகைய மணம் ஒன்றின் படம், அழகுப் பொருள் என்பதற்கும் மேலாக, நடந்தது நடந்தது என்று கூறும் சாட்சியாகவும் நிற்கிறது. சாட்சிக்கு வேண்டிய முதற்பண்பு உண்மை.

சங்கப் புலவர் தீட்டிய மணப்படம்

கதை சொல்லும் மணப்படம் என்பது மேலைநாட்டார் அண்மையில் கண்டுபிடித்த புதுமை என்று கருதுவோர் உளர். தமிழாசிரியர்க்கு இது வியப்பளிக்காது. அகநானூற்றின் 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் மணவிழாவைக் காட்சி காட்சியாக விரிக்கின்றன. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டில் உழுந்து கலந்த உணவு வருகிறது. வரிசைக் கால்கள் நட்ட பந்தலும் பரப்பிய புதுமணலும் விளக்கும் மாலையும் வருகின்றன. ஆரவாரம் செய்யும் முதுபெண்டிர் வருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்த, நீரோடு சேர்ந்த பூவும் நெல்லும் மணமகள் கூந்தலில் தங்கி நிற்கின்றன. நெல் கூந்தலில் ஒட்டிய அந்தச் சிறு காட்சியை யாரும் ஏற்பாடு செய்து நிறுத்தவில்லை, கண்டு எடுத்தது. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டிலோ மணமகளின் நெற்றி வியர்வைகூட விடுபடவில்லை. இன்றைய ஒப்பனையாளர் துடைத்தழிக்கும் வியர்வையைச் சங்கப் புலவர் பாட்டில் வைத்துக் காத்தார்.

இவ்விரு பாட்டுகளிலும் நோக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, இவை விழா நடக்கும்போது சொல்லப்பட்டவை அல்ல. 86இல் வாயில் மறுத்த தோழியிடமும், 136இல் ஊடல் தணியாத நிலையில் தன் நெஞ்சிடமும் தலைவன் மணநாளை நினைந்து கூறுகிறான். அன்பு சோதனைக்கு உள்ளாகும் வேளையில், முதல் நாளின் காட்சிகள் துணைக்கு அழைக்கப்படுகின்றன. மணப்படத்தின் உண்மையான பயன் இதுவே. விழா முடிந்த வாரத்தில் உறவினர்க்குக் காட்டிப் புகழ் பெறுவது சிறுபயன்; ஆண்டுகள் கழிந்து, மனம் கசந்த ஒரு மாலையில் எடுத்துப் பார்க்கும்போது ஒருவரை ஒருவர் மீண்டும் அறிந்துகொள்வது பெரும்பயன். அந்த மாலையில் உதவுவது விறைத்து நிற்கும் படமா, வியர்த்த நெற்றியின் படமா என்பதை விளக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று, 136ஆம் பாட்டில் மணமகளை நீராட்டிய மகளிர் இமையாமல் நோக்கிப் பின் மறைகின்றனர். நல்ல படக்கலைஞரின் இலக்கணம் முழுவதும் இவ்விரு செயல்களில் அடங்கிவிடுகிறது. அவர் இமையாமல் நோக்க வேண்டும். நோக்கியபின் மறைய வேண்டும். நோக்காதவர் நொடியில் முடியும் மூன்று முடிச்சைத் தவறவிடுவார். மறையாதவரோ, வாழ்த்த வந்தோர்க்கும் மணமக்களுக்கும் நடுவே முதுகைக் காட்டி நிற்பார்; முடிச்சிட்ட கையை நிறுத்தச் சொல்லி, மீண்டும் கட்டுவதுபோல் நடிக்கச் சொல்வார். மங்கலநாண் பூட்டும் நொடியில் ஆணையிடும் குரல் ஒன்று எழுமானால், அவ்விழாவின் தலைவர் யார் என்ற ஐயம் பிறக்கும்.

பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர்-பிரெசான் இதே நெறியினர். 1952இல் வெளிவந்த அவர் நூலின் பிரெஞ்சுத் தலைப்பு, பிறர் அறியாமல் விரைந்து எடுத்த படங்கள் என்னும் பொருளுடையது. சிறிய படப்பெட்டியோடு கூட்டத்தில் ஒருவராகக் கலந்து, செயற்கை ஒளி பாய்ச்சாமல், வடிவமும் பொருளும் கூடும் நொடிக்குக் காத்திருப்பது அவர் வழி. வேற்று நாட்டில், வேறு கருவியோடு, அவரும் நோக்கி மறைபவராகவே இருந்தார்.

இயல்பு என்னும் பெயரால் நடிப்பு

இன்று சுருளின் தட்டுப்பாடு இல்லை. ஒரு விழாவில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. ஆணையிட்டு நிறுத்த வேண்டிய கட்டாயம் நீங்கிற்று. ஆனால் ஆணை நீங்கவில்லை. அதன் வடிவம் மாறிற்று. முன்பு அசையாதீர் என்றவர்கள் இப்போது இயல்பாகச் சிரியுங்கள் என்கின்றனர். மணமகள் கண்ணாடி முன் நாணுவதும், மணமகன் படிக்கட்டில் திரும்பிப் பார்ப்பதும், இருவரும் செம்பனைத் தோப்பில் கைகோத்து நடப்பதும் திரைப்படப் பாடற்காட்சிகளின் படிகள். விழாவுக்கு முன்பே எடுக்கப்படும் இப்படங்களில் உடை வேறு, இடம் வேறு, மாந்தர் மட்டும் அவர்கள். பழைய கலைஞர் பின்னே ஒரு திரைச்சீலை கட்டினார்; இன்றையவர் மணமக்களின் முகத்திலேயே ஒரு திரையை வரைகிறார். விறைப்பு தன்னை விறைப்பு என்று ஒப்புக்கொண்டது; இந்நடிப்போ தன்னை இயல்பு என்று கூறிக்கொள்கிறது. திறனாய்வாளன் கண்டிக்க வேண்டியது இதனையே.

இதனால் ஒழுங்குபடுத்திய படமே வேண்டா என்பது பொருளன்று. நான்கு தலைமுறையும் ஒருங்கே நிற்கும் குழுப்படம் இன்றியமையாதது. அதில் நிற்கும் பாட்டிக்கு அது கடைசிப் படமாகவும் அமையக்கூடும். அதனை விரைவாகவும் மதிப்போடும் எடுத்து முடித்து, பின் கலைஞர் மறைந்துவிட வேண்டும் என்பதே கருத்து.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

அவ்வாறாயின் எவரைத் தேர்வது? முதலாவதாக, பல விழாக்களிலிருந்து பொறுக்கிய இருபது அழகிய படங்களைக் கண்டு மயங்குதல் கூடாது. தனிப்பாட்டுத் திரட்டைக் கொண்டு ஒருவரைக் காப்பியப் புலவர் என்று துணிவதில்லை. ஒரே மணவிழாவின் முழுத்தொகுப்பைக் காண வேண்டும். அதுவும் மழைநாளிலோ இருண்ட கோயில் மண்டபத்திலோ நடந்ததாக இருப்பின் நன்று. காலையின் பரபரப்பு முதல் இரவின் களைப்பு வரை கதை தொடர்கிறதா, இடையில் அறுகிறதா என்பது அப்போது விளங்கும்.

இரண்டாவதாக, அத்தொகுப்பில் மணமக்கள் அல்லாதார் எத்தனை பேர் உயிரோடு காட்சி தருகின்றனர் என்று பார்க்க வேண்டும். அடுப்படியில் புகைக்கு நடுவே நிற்கும் சிற்றப்பா, தாரை வார்த்தபின் தூண் மறைவில் கண் துடைக்கும் தந்தை, பந்தியில் உறங்கிவிட்ட குழந்தை ஆகியோரைக் கண்ட கண்ணே கதை சொல்லும் கண்.

மூன்றாவதாக, அவர் சடங்கின் வரிசையை அறிந்தவரா என்று வினவ வேண்டும். நலங்கு, தாரை வார்த்தல், அம்மி மிதித்தல் ஆகியவற்றின் முறை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். வேற்றினக் கலைஞராயினும் குற்றமில்லை. முன்னரே வந்து கேட்டறியும் பணிவு இருந்தால் போதும். கேளாதவர் தமிழராயினும் பயனில்லை.

நான்காவதாக, ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும். நேரில் வருபவர் யார், படங்கள் எந்நாளில் கிடைக்கும், பழுது நேராதிருக்க இரட்டைப் படி வைக்கப்படுமா என்பன அதில் இடம்பெற வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் உரிமை பணித்தவரையே சேரும். இதனை அறியாமல், படிக்காமல் கையொப்பமிட்டுத் தம் உரிமையை இழத்தல் தகாது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து வெளியேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டணத்து மண்டபங்களில் மணம் புரிகின்றனர். அவர்களின் படங்களில் லயம் இராது, பால்மரம் இராது. ஆனால் அத்தோட்டத்தில் பிறந்த பாட்டி ஒருவர், முன்வரிசை நாற்காலியில் கைகளை மடிமேல் வைத்து அமர்ந்திருப்பார். அக்கைகளில் பால்வெட்டுக் கத்தி பிடித்த காய்ப்பு இருக்கும். மேடையின் வண்ண விளக்குகளை மட்டும் கண்டவர் அதனைக் காணார். இமையாமல் நோக்குபவர் காண்பார். அந்தக் கைகளைக் காணும் கண்ணுடையவரைத் தேர்வதே குடும்பத்தின் கடமை. அத்தகைய கண்ணை மாணவரிடம் வளர்ப்பது தமிழ் வகுப்பறையின் கடமை. அகநானூறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு அது புதிய பாடமுமன்று.