சிவப்பில் எழுதிய பெயர்கள்

புதிய இயங்குதளம் ஒன்றை விமர்சிக்கப் புகுகிறவர்கள் அதன் முகப்புத் திரையின் சௌந்தரியத்திலிருந்து தொடங்குவதுதான் சம்பிரதாயம் என்பதை நான் அறிவேன். ஆனால் 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13-ஐ என் மேசைக் கணினியில் நிறுவி, அதனோடு ஆறு வாரங்கள் குடித்தனம் நடத்திய பிறகு, என் மனத்தில் நிலைத்து நிற்பது முகப்புத் திரை அன்று. டெர்மினலின் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் தோன்றிய நாலைந்து பெயர்கள்தாம்.

லினக்ஸ் கெர்னல் 6.12, க்னோம் 48, வேண்டுவோருக்குப் பிளாஸ்மா 6.3 என்னும் விவரங்கள் இதற்குள் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருக்கும். ஒரே செயலியின் அறிவிப்புகள் இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வருவது சௌகரியமே. ‘ட்ரிக்ஸி’ என்பது இப்பதிப்பின் செல்லப்பெயர். டாய் ஸ்டோரி திரைப்படங்களின் பாத்திரங்களுடைய பெயர்களையே தம் பதிப்புகளுக்கு இட்டுவரும் டெபியன்காரர்கள் இம்முறை ஒரு டைனோசரைப் பிடித்திருக்கிறார்கள். இவற்றை இவ்வளவில் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

டெபியனில் ஒரு மென்பொருளை நிறுவவோ நீக்கவோ வேண்டுமானால் ‘ஆப்ட்’ என்ற காரியஸ்தரிடம் சொல்ல வேண்டும். 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1 தொட்டு அவர் இந்த உத்தியோகத்தில் இருக்கிறார். இன்று அவருடைய பொறுப்பில் உள்ள பொதிகள் ஏறத்தாழ 70,000. ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்தும், அது வேறு பத்தைச் சார்ந்தும் நிற்பதால், நாம் ஒன்றைக் கேட்டால் அதனோடு வர வேண்டியவை எவை, போக வேண்டியவை எவை என்று கணக்கிட்டு, ஒரு ஜாபிதாவை நம் முன் வைத்துச் சம்மதம் கேட்பது அவர் வழக்கம். அந்த ஜாபிதாவோ, உற்றார் உறவினர் பெயர்களையெல்லாம் மூச்சுவிடாமல் அடுக்கும் கல்யாணப் பத்திரிகையைப் போல, ஒரே நிறத்தில், ஒரே நெருக்கத்தில், வரிவரியாக ஓடும். கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பகுதியை யார் படிக்கிறார்கள்?

நானும் படிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன், எந்த இயங்குதளத்தில் என்று சொல்வது பிரயோஜனமில்லை, உபயோகிக்காத மின்னஞ்சல் மென்பொருள் ஒன்றை நீக்கிவிடலாமென்று ஓர் இரவு கட்டளையிட்டேன். திரையில் பதினைந்து வரிகள் ஓடின. இறுதியில் தொடரலாமா என்ற கேள்வி நின்றது. தூக்கக் கலக்கத்தில் என் சுண்டுவிரல் எண்டர் விசையைத் தட்டிற்று. அந்தப் பதினைந்து வரிகளுக்குள், மின்னஞ்சலோடு கட்டுண்டு கிடந்த மேசைத்தளம் முழுவதன் பெயரும் இருந்தது என்பதை, மறுநாள் காலையில் கணினியை முடுக்கியபோது படமோ சுட்டியோ இல்லாமல் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கேட்டுக்கொண்டு நின்ற திரையே எனக்கு உபதேசித்தது. குற்றம் என்னுடையது, காரியஸ்தர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். ஆனாலும், போகும் பொருளையும் வரும் பொருளையும் ஒரே குரலில் ஒப்பிக்கிற காரியஸ்தர்மீது ஒரு மனத்தாங்கல் அன்று முதல் எனக்குள் இருந்துவந்தது.

அந்த மனத்தாங்கலைத் தீர்த்துவைத்திருக்கிறது ட்ரிக்ஸியோடு வந்திருக்கும் ஆப்ட் 3.0. நிறுவப்போகும் பொதிகளின் பெயர்கள் பச்சையில், நீக்கப்போகிறவற்றின் பெயர்கள் சிவப்பில், ஒவ்வொரு வகையும் தன் தலைப்பின்கீழ், பத்தி பத்தியாக நேர்நிரையில் நிற்கின்றன. அடியில், எத்தனை சேரும், எத்தனை போகும், வட்டில் எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கூட்டல் கழித்தல் போட்டுத் தந்த கணக்கு. மூன்றாம் வாரத்தில், ஒரு விளையாட்டை நீக்கப் புகுந்தபோது, அதனோடு வேறு நான்கு பெயர்கள் சிவப்பாக எழுந்து நின்றன; எண்டர் விசைக்கு மேலே சென்ற என் விரல் அந்தரத்தில் தயங்கிற்று. நான்கையும் படித்தேன். ஒன்று எனக்கு வேண்டியதாயிருந்தது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஒரு சிவப்பு நிறம் செய்த உபகாரத்துக்கு இத்தனை வியப்பா என்று கேட்பவர்கள் என் சுண்டுவிரலின் பூர்வ சரித்திரத்தை மறந்துவிடக் கூடாது.

இனி என் புகார். இத்தனை சிரத்தையோடு சிவப்பில் எழுதியவர்கள், கேள்வியை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். ‘ஒய்’ என்ற எழுத்து அங்கே பெரியதாகவும் ‘என்’ சிறியதாகவும் நிற்கிறது. அதாவது, எதையும் தட்டச்சு செய்யாமல் எண்டரை மட்டும் தட்டினால் சம்மதம் என்றே பொருள். வரவுக்கு மௌனம் சம்மதமாகலாம்; பாதி வீட்டைக் காலிசெய்யும்போதும் மௌனம் சம்மதம்தானா? அத்தியாவசியம் என்று முத்திரையிடப்பட்ட பொதிகளை நீக்கச் சொன்னால் ஆப்ட் இக்காலத்தில் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிடுகிறது, உண்மை. ஆனால் என் மேசைத்தளம் எனக்குத்தான் அத்தியாவசியமே தவிர, அதன் சாஸ்திரத்தில் அப்படியில்லை. சிவப்பில் ஒரு பெயர் வந்தாலும் ‘ஒய்’ என்று தட்டியே தீர வேண்டும் என்று விதித்திருக்கலாம். மேலும், பழக்க தோஷத்தால் இன்னும் ‘ஆப்ட்-கெட்’ என்ற பழைய கட்டளையையே தட்டுகிறவர்களுக்கு இந்த வர்ணக் காட்சி கிட்டாது. அவர்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைதான்.

டெபியனை நேசிப்பவர்களுக்குப் பொறுமை ஒரு நித்திய கர்மம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பதிப்பில், ஒரு ஜாபிதாவுக்கு நிறம் பூசக் கால் நூற்றாண்டு ஆயிற்று என்பதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த நிதானத்தை நம்பித்தான் என் கட்டுரைகளையெல்லாம் இங்கே வைத்திருக்கிறேன். ‘ஆப்ட் மூ’ என்று தட்டினால் எழுத்துகளாலான பசு ஒன்று இன்றும் தோன்றி, இன்றைக்குக் கத்தினாயா என்று விசாரிக்கிறது. எத்தனையோ பதிப்புகளில் அதை யாரும் நீக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

டெபியன் 12-இல் இருப்பவர்கள் தாராளமாக 13-க்கு வரலாம் என்பது என் அபிப்பிராயம். கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள், பகலில் வாருங்கள். பழைய 32 பிட் கணினியை இன்னும் வைத்துக் காப்பாற்றிவருகிறவர்கள் மட்டும் 12-லேயே தங்கிவிட வேண்டும். அந்த வகைக் கணினிக்கு 13-இல் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை.