வாலைக் கேளுங்கள்

முல்லை அரும்பைச் சொல்ல வந்த சங்கப் புலவருக்குப் பல்லைக் காட்டும் வெருகுப் பூனை நினைவுக்கு வந்திருக்கிறது. குறுந்தொகையில் வரும் இந்த உவமை பழக்கத்தில் பிறந்தது. வரகுக் கொல்லையை ஒட்டிய புறவில் பூவும் பூனையும் ஒரே நிலத்துப் பிறவிகள். ஒன்றைச் சொன்னால் மற்றது உடன்வரும். சிறு காட்டுப்பூனைகளை ரசிக்க இன்றும் அதுவே வழி என்பேன். புலியைப் பார்த்தாலே போதும், மனம் நிறைந்துவிடும். இருளில் ஒரு நொடி தெரிந்து மறையும் பூனையை ரசிக்க, அதன் நிலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காட்டுப்பூனை என்ற பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது. அடர்காட்டைவிடப் புதர்க்காடு, நாணல், கரும்புத் தோட்டம் ஆகியவையே அதற்கு இசைவானவை. புள்ளியில்லாத வைக்கோல் நிற உடல், நெடிய கால், வளையமிட்டுக் கறுப்பு நுனியில் முடியும் குட்டை வால், காது நுனியில் சின்ன மயிர்க்கற்றை: காய்ந்த புல்லில் நின்றால் புல்லோடு புல்லாகிவிடும். மீன்பிடிப் பூனை இதற்கு நேர்மாறு. குட்டைக் காலும் கட்டையான உடலும் கொண்டது. விரலிடுக்கில் பாதித் தோல். நகம் முழுதாக உள்ளே போவதில்லை. உள்மயிர் அடர்ந்திருப்பதால் தண்ணீர் தோலை எட்டுவதில்லை. சதுப்பு நிலத்தையே உடம்பில் எழுதி வைத்திருக்கிறது. துருநிறப் புள்ளிப் பூனையோ 0.9 முதல் 1.6 கிலோதான். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

இந்த அளவுக்கு நிலத்தோடு ஒட்டிய உயிர்களின் கதியை ஒற்றைச் சொல்லில் அடக்குவது கடினம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் காட்டுப்பூனை ‘கவலை குறைந்த இனம்’. அப்புறம் எதற்குக் கவலை என்று கேட்கலாம். அந்தச் சொல் எகிப்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்த மொத்தப் பரப்புக்கும் பொதுவானது. தென்கிழக்கு ஆசியாவிலோ அந்தப் பூனை அரிதாகிவிட்டது. மீன்பிடிப் பூனை 2008இல் ‘அருகிய இனம்’, 2016இல் ‘அழிவாய்ப்பு இனம்’. ஒரு படி இறங்கியதால் சதுப்பு நிலங்கள் மீண்டுவிட்டன என்று பொருளில்லை. துருநிறப் புள்ளிப் பூனையின் கதை இன்னும் வேடிக்கை: சிவப்புப் பட்டியல் அதை ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்கிறது; அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையோ (CITES) இந்தியப் பூனையை முதல் பட்டியலிலும் இலங்கைப் பூனையை இரண்டாம் பட்டியலிலும் வைத்திருக்கிறது. பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் படித்ததும் ‘எந்த இடத்தில்?’ என்று கேட்டுப் பழகுங்கள்.

புலிகள் காப்பகத்தைக் காத்தால் அதன் நிழலில் சிறு பூனைகளும் பிழைக்காதா? அங்கே வாழ்பவை பிழைக்கும். ஆனால் 2022இல் ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் கணக்கிடப்பட்ட 176 மீன்பிடிப் பூனைகள் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்கு வெளியே வாழ்பவை. கொழும்பு நகரத்துச் சதுப்புகளிலும் அவை நடமாடுகின்றன. மேற்கு வங்கம் தன் மாநில விலங்காகவே அதை வைத்திருக்கிறது. அங்கும் அது மனிதர்களின் குளங்களையும் நாணலையும் நம்பியே வாழ்கிறது. நம் ஊர்க் காட்டுப்பூனையின் வீடு பல இடங்களில் வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு. எதற்கும் பயன்படாத நிலம் என்று எழுதியபின் அதைத் திருத்தி மனை போடுவது எளிது.

கோழி பிடிக்கிறதே என்ற குறையும் உண்டு; நியாயமான குறைதான். ஆனால் அதன் முதன்மை உணவு எலி. ராஜஸ்தானின் சரிஸ்கா பகுதி ஆய்வின் கணிப்பு, ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள். கோழியைப் பறிகொடுத்தவருக்கு இந்தக் கணக்கு ஆறுதலாகாது. கூண்டை இறுக்கிக் கட்டுவதே அவருக்கு உதவும். ஆனால் ஊரிலேயே அந்தப் பூனையை நன்றாகப் பார்த்தவர் அவராகத்தான் இருப்பார். வால் நீளமா குட்டையா, நுனி என்ன நிறம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.