பெயிண்ட்டுக்கு அடியில் ஒரு மாடிப்படி

செட்டிநாட்டு வீடுகளுக்குப் போகிறவர்கள் முகப்புத் தூண்களையும் நிலைக்கதவின் செதுக்கு வேலையையும் அண்ணாந்து பார்ப்பார்கள். மாடிப்படியை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுகலாக, செங்குத்தாக ஓர் ஓரத்தில் அது ஏறிக்கொண்டிருக்கும். மேல்தளத்தை எட்டும் இடத்தில் கைப்பிடியும் கடைசல் கம்புகளும் வரும். அதற்குள் கண் வேறெங்காவது போயிருக்கும். போதாக்குறைக்கு, வீட்டில் கல்யாணம் வரும்போதெல்லாம் அதன் மேல் ஒரு பூச்சு பெயிண்ட் ஏறியிருக்கும். அடியில் இருப்பது பர்மாத் தேக்கு என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போயிருக்கலாம். அந்தப் பெயிண்ட்டை உரிக்கும் வேலை, ஆற அமர இருந்து ரசிக்க வேண்டிய ஒன்று.

முதல் ரசனை உரிப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கண்ணில் படாத மூலையில் நாணயம் அளவு இடத்தை, நனைத்த உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். நடுவில் மரம் தெரியும். அதைச் சுற்றி வளையம் வளையமாக நிறங்கள் விரியும்: சிவப்பு, வெளிர் மஞ்சள், இலைப்பச்சை, கடைசியாகக் காப்பிக்கொட்டை நிறம். வெளி வளையம் நேற்றையது. உள் வளையம் தாத்தா காலத்தது. உப்புத்தாளை நனைப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016இல்; நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். முகக்கவசம் கட்டி, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

அடுத்தது பஞ்சுச் சோதனை. மரத்தை ஒட்டிய பளபளப்பான பூச்சின் மேல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்து எடுக்கிறார் பாலிஷ்காரர். பஞ்சு ஒட்டி, செம்பழுப்பு நிறம் ஏறி வந்தால் அது அரக்கு மெருகு. அசையாமல் இருந்தால் எண்ணெய் வார்னிஷ். படியைச் செய்த காலத்தில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் பூச்சுக்குமேல் பூச்சாக இழைத்திருந்தார்கள் என்றால், இன்று உரிக்க வந்தவருக்கு அது அதிர்ஷ்டம். அரக்கு, மரத்தின் துளைகளை முன்பே அடைத்து வைத்திருக்கும். பின்னால் வந்த எனாமல் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும், மரத்துக்குள் இறங்கியிருக்காது.

பெயிண்ட் ரிமூவரைத் தடிமனாக, ஒரே திசையில், தடவிய இடத்தை மறுபடி தடவாமல் பூச வேண்டும். காய்ந்துவிடாமல் மேலே பாலிதீன் தாள். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், கையில் உறை வேண்டும். பிறகு பார்ப்பதுதான் வேலை. சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. பின் எங்கோ ஓரத்தில் ஒரு மடிப்பு விழும். ஆறிய பாலில் ஆடை சுருங்குவதுபோல் பெயிண்ட் முழுவதும் சுருங்கி எழும். சுரண்டியை அடியில் கொடுத்து ரேகையின் போக்கிலேயே தள்ளினால், சுவரோரத்தில் அகலத் தோலாகக் கழன்று வருகிறது.

ஆனால் படியின் நடுவில் அப்படி வருவதில்லை. நுட்பம் இங்கேதான் இருக்கிறது. நடுப்பகுதியில் கால்கள் பட்டுப்பட்டு அரக்கு முன்பே தேய்ந்து போயிருந்தது. அந்த வெறும் மரத்தின் மேல்தான் முதல் பெயிண்ட் விழுந்தது. தேக்கின் பெரிய துளைகளுக்குள் இறங்கி ஊன்றிக்கொண்டது. எங்கே அதிகம் நடந்தார்களோ, அங்கேதான் உரிப்பது கடினம். வேலை எளிதாகும் இடமும் திணறும் இடமும் சேர்ந்து, அந்த வீட்டார் எப்படி ஏறி இறங்கினார்கள் என்று காட்டிவிடுகின்றன. திருப்பத்தில் உட்பக்கமாக ஒட்டி ஏறியிருக்கிறார்கள். மேற்படியின் இடது ஓரத்தில் மெருகு அப்படியே இருக்கிறது. அங்கே எதையோ நிரந்தரமாக அடுக்கி வைத்திருக்க வேண்டும்.

மிச்சத்தை எடுக்கப் பழைய தச்சர்கள் வைத்திருந்த கருவி கண்ணாடிச் சில்லு. உடைந்த விளிம்பு, எந்த உளியையும்விட மென்மையாக மரத்தைச் சீவும். மெல்லிய எஃகுத் தகடும் அதையே செய்யும். ஆனால் தேக்கில் சிலிக்கா இருப்பதால் அதன் முனை சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். இந்த வேலையில் கண்ணைவிடக் காது கெட்டி. பெயிண்ட்டின் மேல் தகடு கீச்சிடும். மரத்தைத் தொட்டதும் ஓசை ‘சர்’ரென்று இறங்கும். அந்த மாற்றம் கேட்டதும் கை தானாக நிற்க வேண்டும்.

கடைசல் கம்புகளுக்கு வேறு நளினம். பட்டறையில் சுழலவிட்டு வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் பெயிண்ட் தேங்கி மொண்ணையாகியிருக்கும். அங்கே இரும்பு நுழைந்தால் விளிம்பு போய்விடும். சணல் கயிற்றைப் பள்ளத்தில் சுற்றி இரு கையாலும் மாறிமாறி இழுக்கிறார்கள். மூலைகளுக்குக் கூராக்கிய மூங்கில் குச்சி. கயிறு ஓட ஓட, உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கடைசல்காரர் விட்ட மெல்லிய கோடு திரும்பக் கிடைக்கிறது. அது வந்ததும் கம்பு ஒல்லியாகிவிட்டது போலத் தோன்றும்.

பிறகு தேக்கே பேசத் தொடங்குகிறது. பர்மாவில் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிட்டார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்தால்தான் ஐராவதியில் மிதந்து ரங்கூன் போய்ச் சேரும். அங்கிருந்து கப்பலேறி வந்த மரம் இது. ஒரு பலகையில் ரேகை கூம்பு கூம்பாக ஏறுகிறது, அடுத்ததில் நேர்கோடாக ஓடுகிறது. வாள் எந்தப் பக்கமாக அறுத்தது என்பதுதான் வித்தியாசம். உரித்த அன்று நிறம் திட்டுத் திட்டாக, சற்றே பச்சை கலந்து இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து சாயம் வாங்கப் போகக் கூடாது. வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் எல்லாம் ஒரே பொன்பழுப்பாகக் கூடிவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் ரசனை தெரியும். மின்சாரத் தேய்ப்பானை ஓட்டினால் நடுக்குழியும் துளையில் தங்கிய பெயிண்ட் புள்ளிகளும் ஒரே நாளில் போய்விடும். படி நேற்றுக் கடையில் வாங்கியது போலாகும். காஸ்டிக் சோடா ஊற்றினால் இன்னும் சீக்கிரம் முடியும், மரம் கறுத்துவிடும். இரண்டும் எனக்கு உவப்பில்லை. மேலே ஏற்றியதை எடுக்கலாம். நடந்து தேய்த்ததை எடுக்க நமக்கு உரிமையில்லை. கைப்பிடிக்கும் கம்புகளுக்கும் மறுபடி அரக்கே போதும். மிதிக்கும் பலகைக்கு அரக்கு தாங்காது. தண்ணீர் பட்டால் வெளுக்கும். அங்கே எண்ணெய்ப் பூச்சு வேண்டும், அதுவும் மெல்லியதாக. பிற்காலத்தில் இன்னொருவர் உரிக்க வரும்போது அவருக்கும் வேலை எளிதாக இருக்கட்டும்.