குறியீடாகாத நாய்

பாண்டவர்களின் கடைசி யாத்திரையில் தருமனைத் தொடர்ந்து ஒரு நாய் வருகிறது. அதை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கத்தில் இடம் என்கிறான் இந்திரன். தருமன் மறுக்கிறான். மறுகணம் நாய் தர்மதேவதையாகிவிட, சிக்கல் தீர்ந்துவிடுகிறது. அது நாயாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை கேட்கவில்லை. நாமும் கேட்டதில்லை. மாணிக்கவாசகர் தன்னையே நாயென்று தாழ்த்திக்கொண்டதிலிருந்து புதுக்கவிதை வரை, நம் எழுத்தில் நாய் வேறு எதையோ சொல்வதற்காகவே வந்துபோகிறது. காம்யுவின் 'கொள்ளைநோய்' (1947) நம் வட்டத்தில் படிக்காதவர் குறைவு. அதன் எலிகளை நாஜிகளாக்கி விளக்கம் எழுதினோம். அதே நாவலில், நோய்க்குப் பயந்து பூனைகளைச் சுட்டுக் கொன்றபின் வெறும் தெருவைப் பார்த்துத் திகைத்து நிற்கும் கிழவரைத் தாண்டிப் போய்விட்டோம்.

விஷயம் தெருவுக்கு வராதவரை இதை ரசனைக் குறைபாடு என்று விட்டுவிடலாம். 2025இல் தெருவுக்கே வந்துவிட்டது. தானாக எடுத்துக்கொண்ட ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம், ஆகஸ்ட் 11ஆம் தேதி, டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடக்கூடாது என்றது. ஆகஸ்ட் 22இல் வேறு அமர்வு இதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடலாகாது என்றது. அந்த மாதங்களில் இது குறித்து எழுதப்பட்டவற்றில் பெரும்பாலும் இரண்டே குரல்கள். ஒன்றில் நாய் வெறும் பல். மற்றதில் வெறும் கண். ஒருவர் புள்ளிவிவரம் சொன்னார், மற்றவர் கருணை பேசினார்.

இதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், சென்னை உயர்நீதிமன்றமும் ஒரு வழக்கைத் தானாக எடுத்துக்கொண்டது. கல்வராயன்மலைப் பழங்குடியினரின் சாலை, பேருந்து, வாழ்நிலை பற்றிய வழக்கு அது. 1976இல்தான் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்த மலை. இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்து வாசித்திருந்தால், நாய்ச் சர்ச்சையின் மொழி எவ்வளவு நகரத்துக்குரியது என்பது புலப்பட்டிருக்கும்.

'தெருநாய்' என்ற சொல்லுக்கு முதலில் தெரு வேண்டும். மலையூரில் நாய்க்கு வீடு உண்டு, கயிறு கிடையாது. பகலில் ஆடுகளுக்குப் பின்னால் போகும், இரவில் கொல்லைக்குக் காவல் கிடக்கும், நினைத்தால் அடுத்த ஊருக்கும் போய் வரும். விதிகளின்படி வளர்ப்பு நாய்க்கு ஊசி போடுவது உடையவர் பொறுப்பு. தெருநாய்க்கு உள்ளாட்சியின் பொறுப்பு. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே அந்த நாய் ஊசியில்லாமலே நின்றுவிட நேர்கிறது.

அதற்கு வெறி பிடித்து ஒருவரைக் கடித்துவிட்டால் செய்ய வேண்டியது இதுதான்: காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும், கடித்த அன்றும், பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி, ஆழமான கடியென்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின். நோய்க்குறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. நான்கு ஊசி என்றால் மலையிலிருப்பவருக்கு நான்கு நாள் கூலியும் நான்கு தடவை பஸ்ஸும். மூன்றாவது ஊசியோடு நின்றுவிட்டவரை அலட்சியக்காரர் என்று எழுதிவிடுவது சுலபம். மனித உயிரா, மிருக உயிரா என்று நாம் தூக்கிப் பிடிக்கும் தராசில் பஸ் கட்டணம் ஏறுவதே இல்லை.

தராசு என்ற உருவகத்தையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால், வெறிநோய்ச் சங்கிலி அறுந்துபோகிறது. நாயைக் காக்கும் ஊசியேதான் குழந்தையையும் காக்கிறது. இரண்டு உயிரும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. கொன்று பார்த்தாயிற்று. சென்னை மாநகராட்சி 1996 வரை தலைமுறை தலைமுறையாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்தன.

இதைச் சொன்னதும் நிம்மதியாகிவிடுவது மிருகாபிமானிகளின் சௌகரியம். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் பல்லாண்டுகள் தயாரித்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து வந்தது. ஆட்டுக்கு நோயை ஏற்றி, கொன்று, மூளையை எடுத்துச் செய்த அந்த மருந்துதான் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி. நாய்க்கடிக்குத் தப்பியவர்களில் சிலருக்கு அதுவே நரம்பைத் தாக்கி முடக்கியது. 2004இன் முடிவில்தான் இந்தியா அதைக் கைவிட்டு, செல் வளர்ப்பில் செய்யும் மருந்துக்கு முழுதாக மாறியது. அத்தனை காலம் செத்த ஆடுகளுக்கு நம் மொழியில் ஒரு வரி கிடையாது. ஆடுகள் சாகக்கூடாது என்று அன்று மருந்தை நிறுத்தியிருந்தால் மனிதர்கள் செத்திருப்பார்கள் என்பதும் உண்மை. வெறி பிடித்த நாயைப் பிழைக்கவைக்க இன்றும் வழியில்லை. அதைக் கொல்வதற்குப் 'பாதுகாப்பு' என்றோ 'விடுதலை' என்றோ பெயர் சூட்டாமல், கொல்கிறோம் என்றே சொல்கிற நேர்மை வேண்டும்.

அது தமிழில் அசாத்தியமில்லை. அசோகமித்திரனின் 'எலி' கதையில், எலி செத்த பிறகு பார்த்தால் பொறியில் வைத்த வடை தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது. எலி எதற்கும் குறியீடு இல்லை. வீட்டில் எலி இருக்கக்கூடாது என்பதும் மாறவில்லை; அது பசியைக்கூட மறந்து பயந்திருந்தது என்பதும் மறையவில்லை. ஒன்று மற்றதைத் தள்ளிவிடாமல் இரண்டும் ஒரு வடையில் இருக்கின்றன. எலி விஷயத்தில் கைகூடிய இந்த நிதானம் நாய் விஷயத்தில் நமக்குக் கைகூடவில்லை. கடித்த நாய் யாருடையது என்று ஊருக்கே தெரிந்திருப்பதையும், அதை அடிக்கப் போகிறவர் நேற்றுவரை அதற்குச் சோறு வைத்தவர் என்பதையும், நான்காவது ஊசியன்று மலையிறங்க பஸ் இல்லாமல் போனதையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுத யாரும் உட்காரவில்லை.