மரியோவின் தாவல்: பழைய வீடியோ கேம்களை இன்று ஆடிப் பார்க்கையில்

வீடியோ கேமுக்கு விமர்சனமா என்று நம் மலரின் மூத்த வாசகர்கள் கேட்கக்கூடும். சினிமாப் பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் இடம் தரும் பக்கங்களில் இதற்கும் ஒரு மூலை உண்டு என்பது என் கட்சி. 1990களில் தில்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் கோடை விடுமுறை என்றால் இரண்டுதான். ஒன்று, ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போவது. இன்னொன்று, கேசட்டை ஊதி ஊதிச் செருகி மரியோ ஆடுவது. அந்தப் பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். பழைய கேம்கள் இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் திரும்பக் கிடைக்கின்றன. ஆசையோடு தம் பிள்ளைக்குக் காட்டினால், "இவ்வளவுதானாப்பா?" என்று கேட்கிறது பிள்ளை. அந்தக் கேள்வி நியாயமானது. பழைய பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த ஆட்டங்கள் இன்றும் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மரியோ. ஜப்பானின் நிண்டெண்டோ 1983ல் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டிக்காக, ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பர் 13 அன்று வந்தது. 32 ஸ்டேஜ், கோஜி கோண்டோவின் இசை, எதிரிகள், மேகம், கோட்டை எல்லாம் சேர்த்து மொத்தம் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படத்துக்கே அது போதாது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17 என்று எண்ணிப் பாடுவார்களே, அந்த மாதிரிச் சிக்கனம் இது. மேலே வெள்ளையாக மிதக்கும் மேகத்தையும் தரையில் பச்சையாக இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்தான், நிறம்தான் வேறு.

ஆனால் சிக்கனத்துக்காக ஒரு ஆட்டத்தை யாரும் நாற்பது வருஷம் ஆட மாட்டார்கள். மரியோ நிற்பது அந்தத் தாவலால். பொத்தானை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அமுக்கிப் பிடித்தால் பெரிய தாவல், ஓடிவந்து தாவினால் இன்னும் உயரம். காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் இப்படி அப்படித் திருப்பலாம். ஓட்டத்தில் திடீரென்று நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்பான். அதே காலத்துப் பல ஆட்டங்களில் தாவினால் தாவினதுதான், நடுவில் மனசு மாற முடியாது. மரியோவின் உடம்புக்கு எடை இருக்கிறது, அந்த எடை நம் கட்டைவிரலுக்குத் தெரிகிறது. இன்று ஆடினாலும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சொல்லிக்கொடுக்கும் விதமும் அப்படியே. முதல் ஸ்டேஜில் கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடுகிறது. குழாயில் இடித்துத் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. காளான் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் தாவினால் தலைக்கு மேல் செங்கல். பெரும்பாலும் அது நம்மேல் பட்டே தீரும், மரியோ பெரியவன் ஆவான். அதே ஸ்டேஜில் இரண்டு படிக்கட்டு ஜோடிகள் உண்டு. முதல் ஜோடிக்கு நடுவில் தரை, விழுந்தாலும் பிழைக்கலாம். அடுத்ததற்கு நடுவில் பள்ளம். ஒரு வரி எழுத்து இல்லாமல் நடக்கும் பாடம் இது.

குறை இல்லையா? உண்டு. பின்பாதியில் சரக்கு தீர்ந்துவிட்டது. 1-3ஐயே கொஞ்சம் கடினமாக்கி 5-3 என்றும், 1-4ஐ 6-4 என்றும் திரும்ப வைத்திருக்கிறார்கள். 4-4, 7-4 கோட்டைகளில் தவறான வழியில் போனால் வந்த இடமே சுற்றிச் சுற்றி வரும். எது சரியான வழி என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. அன்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டோம், தனியாக ஆடும் பிள்ளை என்ன செய்யும்?

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நாம் சிறுவயதில் ஆடியது ஜப்பான்காரர்கள் ஆடிய மரியோ அல்ல. அங்கே டிவி நொடிக்கு 60 படம் காட்டும், நம் ஊர் டிவி 50. மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் பாலிகா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விற்ற நகல் பெட்டிகள் இந்த 50க்கு ஏற்பச் செய்யப்பட்டவை. ஆட்டத்தின் கணக்கெல்லாம் படத்தை வைத்துத்தான் என்பதால், நம் வீட்டு மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான். பாட்டும் அப்படியே. இன்று போனில் ஓடுவது 60 படம் கொண்ட மூலம். அதோடு, பழைய குழாய் டிவி சமிக்ஞை வந்த கணமே படம் வரையும். இன்றைய தட்டை டிவி படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதனால் பொத்தானுக்கும் தாவலுக்கும் நடுவே ஒரு தாமதம். வேகம் கூடியிருக்கிறது, பதில் தாமதமாகிறது. "எனக்கு வயசாயிடுச்சு" என்று நொந்துகொள்ளும் அப்பாக்கள் முதலில் டிவி மெனுவில் 'கேம் மோட்' போட்டுப் பார்க்கலாம்.

'டக் ஹண்ட்' (1984) விஷயத்தில் இந்தத் தாமதம் உயிரையே எடுத்துவிட்டது. துப்பாக்கியிலிருந்து எதுவும் டிவிக்குப் போகவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும், பிறகு வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். தட்டை டிவியில் வெள்ளைக் கட்டம் பிந்தி வருகிறது, நாய் மட்டும் சிரிக்கிறது. போனில் விரலால் தட்டி ஆடும் வாத்து வேட்டை வேறு ஏதோ ஆட்டம்.

அடுத்து, பின்னோக்கி ஓட்டும் வசதி. நிண்டெண்டோவே 2018ல் தொடங்கிய சந்தா சேவையில் இது இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் நாலு நொடி பின்னால் போய் மறுபடி தாவலாம். மரியோவுக்கு இது விஷம் என்பேன். அங்கே ஒவ்வொரு சாவுக்கும் காரணம் நம் விரல்தான், விலை இல்லாவிட்டால் தாவலுக்கு அர்த்தமில்லை. மூன்று லைஃபும் போனவர்களுக்கு ஆட்டத்திலேயே ஒரு சமரசம் வைத்திருக்கிறார்கள்: முகப்புத் திரையில் 'ஏ' பொத்தானை அமுக்கிக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும். 'நிஞ்சா கெய்டன்' (1988) கதை வேறு. கடைசி எதிரியிடம் தோற்றால் 6-1க்கே தூக்கிப் போடுகிறது. அது பயிற்சி இல்லை, தண்டனை. அங்கே பின்னோக்கி ஓட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது.

'கான்ட்ரா'வை இருவராக ஆடித்தான் மதிப்பிட வேண்டும். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் காலி, இருப்பது மூன்று. முப்பது லைஃப் தரும் அந்த 'மேல் மேல் கீழ் கீழ்' மந்திரத்தை முதலில் 1986ல் 'கிரேடியஸ்' ஆட்டத்தில் வைத்தவர் கொனாமியின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ. சோதித்துப் பார்க்க அவருக்கே ஆட்டம் கஷ்டமாக இருந்ததாம். ஆனால் கான்ட்ராவின் உயிர் அந்த மந்திரத்தில் இல்லை. மூன்றாவது ஸ்டேஜில் அருவி. ஒருவன் அவசரமாக மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்பவன் சாவான். "டேய், நில்லுடா, நானும் வரேன்" என்று கத்தாத வீடு உண்டா? எஸ் துப்பாக்கியை யார் எடுப்பது என்ற சண்டை வேறு. போனில் தனியாக ஆடினால் யாரும் கத்துவதில்லை, அருவி ஏறி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இரண்டு ரிமோட் வாங்கி, ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஆடினால் அந்த ஸ்டேஜ் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.