நாலு தந்தியும் இடக்கையும்

டெனர் கிட்டார் பிறந்ததே ஒரு கைப்பழக்கத்துக்காக. 1920-களில் அமெரிக்க நடனக் குழுக்களில் தாளத்தைத் தாங்கிப் பிடித்தது டெனர் பாஞ்சோ. நான்கு தந்தி, சி, ஜி, டி, ஏ என்று சுருதி. 1925-இல் மைக் வைத்து இசைத்தட்டுப் பதிவு செய்யும் முறை வந்தது. பாஞ்சோவின் உரத்த குரலுக்கு இருந்த அவசியம் குறைந்தது; கிட்டாரின் மென்மையும் தெளிவாகக் காதில் விழுந்தது. பாஞ்சோக்காரர்களுக்குக் கிட்டார் வாசித்தாக வேண்டிய நிலை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊறிய விரல்களை ஆறு தந்திக்குப் புதிதாகப் பழக்க யாருக்குப் பொழுது? மார்ட்டின், கிப்ஸன் போன்ற கம்பெனிகள் கிட்டார் உடலில் நாலு தந்திக் கழுத்தைப் பொருத்திக் கொடுத்தன. வாசிப்பவர் மாற வேண்டாம், வாத்தியம் மாறட்டும் என்று எடுத்த முடிவு அது.

அதனால் ஓர் இடக்கைக்காரர் தன் கைக்கேற்ற டெனர் கிட்டாரைக் கேட்பதில் சலுகை ஏதும் இல்லை. அந்த வாத்தியத்தின் பிறப்பிலேயே உள்ள நியாயத்தைத்தான் அவர் கேட்கிறார்.

இவ்வளவு மெனக்கெட்டுத் தேட அதில் என்ன இருக்கிறது என்பதைக் காதுதான் சொல்லும். சி, ஜி, டி, ஏ அடுக்கில் ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழுள்ள தந்திக்குப் பஞ்சமம். ஒன்றை சட்ஜமாகக் கொண்டால் அடுத்தது பா. அந்தப் பா-வைச் சட்ஜமாக்கினால் அதற்கடுத்தது பா. ஆறு தந்திக் கிட்டாரில் ஸ்வரங்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். இங்கே ஸ்வரங்களுக்கு நடுவே வெளி இருக்கிறது. ஒரு கார்டை மீட்டினால் நான்கு குரல்களும் தனித்தனியாகக் கேட்கும், ஒன்றாகவும் கேட்கும். பாடுகிறவரின் குரல் அந்த வெளியில் வந்து அமர்ந்துகொள்ளும். அலபாமாவிலிருந்து வந்த பாடகர்களான டெல்மோர் சகோதரர்களில் ரேபன், அண்ணனின் ஆறு தந்திக் கிட்டாருக்கு மேலே டெனரை வாசித்தார். இரண்டும் ஒன்றையொன்று மறைக்காததன் காரணம் இதுதான். ஜாஸில் டைனி கிரைம்ஸ் 1943-இல் பியானோ மேதை ஆர்ட் டேட்டமின் மூவர் குழுவில் நாலு தந்தியோடுதான் உட்கார்ந்தார். அவருடையது மின்சாரக் கிட்டார். ஆனாலும் நாலு தந்தி போதும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இப்போது உடலைப் பார்ப்போம். தந்தியின் நீளம் வழக்கமாக 23 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அந்த நீளத்தில் 0.010 அங்குலத் தந்தியை ஏ சுருதிக்கு, அதாவது வினாடிக்கு 440 அதிர்வுக்கு, ஏற்றினால் அது ஏறத்தாழ 10.5 கிலோ இழுவையில் நிற்கும். ஆறு தந்திக் கிட்டாரின் மேல் தந்தி, அதே பருமனில், 7.5 கிலோவைக்கூட எட்டாது. டெனரின் உச்சத்தில் கேட்கும் அந்தக் கூர்மையும் பளிச்சும் இந்த விறைப்பிலிருந்து வருவது. ஆனால் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த இழுவை 35 கிலோ அளவில்தான். மெல்லிய தந்தி கட்டிய ஆறு தந்திக் கிட்டாரில் அது 70 கிலோவைத் தாண்டும். அதனால் நல்ல டெனரின் மேல்பலகை மெல்லியதாகவும் உள்சட்டங்கள் ஒல்லியாகவும் இருக்க வேண்டும். ஆறு தந்திக்கான கனத்த உடலில் நாலு தந்தியைக் கட்டி விற்கும் கிட்டார்கள் ஊமைக் குரலில் பேசும். மார்ட்டினின் 0-18டி புகழ்பெற்றதற்கு அதன் சிறிய உடல் ஒரு காரணம்: அகன்ற இடத்தில் 13.5 அங்குலம், ஸ்ப்ரூஸ் மேல்பலகை, மகோகனி பக்கங்கள். கையில் எடுத்ததும் எடை தெரியாது. மீட்டினால் மார்பில் அதிர்வு தெரியும்.

இடக்கைக்காரரின் கேள்வி இங்கே தொடங்குகிறது. பழைய டெனர்களில் இடக்கைக்கென்றே செய்தவை மிக மிக அரிது. கடையில் கிடைக்கும் வலக்கை டெனரைத் தலைகீழாகப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டினால் போதாதா? மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பதியும் பள்ளக்கட்டை. சி தந்தியின் பருமன் 0.032 அங்குலம், ஏ தந்தியின் பருமன் 0.010. ஏ-க்கு வெட்டிய பள்ளத்தில் சி இறங்காது, மேலே தூக்கி நிற்கும். சி-க்கு வெட்டிய பள்ளத்தில் ஏ தந்தி நிலைகொள்ளாமல் இரையும். புது நட் வெட்டுவது சிறிய வேலை, தயங்க வேண்டாம்.

இரண்டாவது சாடில், அதாவது உடலின் மேலுள்ள பிரிட்ஜ் கட்டையில் தந்திகள் படியும் பட்டை. கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. பருத்த தந்தியில் இந்த ஏற்றம் கூடுதல். அதை ஈடுகட்ட அதன் நீளத்தைச் சற்றே கூட்டுவார்கள். சாடில் சாய்வாக இருப்பது அதனால்தான். கிட்டாரைத் திருப்பினால் சாய்வும் திரும்பிவிடும். அப்போது கழுத்தில் மேலே போகப் போக சி ஏறும், ஏ இறங்கும். எவ்வளவு சுருதி கூட்டினாலும் கார்டு ஒன்றாகச் சேராது. பிரிட்ஜில் பழைய பள்ளத்தை அடைத்து, எதிர்ச்சாய்வில் புதிதாக வெட்ட வேண்டும். இது தேர்ந்த கைவினைஞரின் வேலை.

மூன்றாவது உள்சட்டங்கள். மேல்பலகைக்கு அடியில் பெருக்கல் குறிபோலச் சட்டம் போட்ட கிட்டார்களில், அதற்குக் கீழே வரும் சிறு சட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். திருப்பிக் கட்டினால், டெனரில் மிக விறைப்பான ஏ தந்தி, தனக்காக அமைக்காத பக்கத்தை இழுக்கும். காதுக்கு இந்த வேறுபாடு எட்டாது என்பாரும் உண்டு. என் விருப்பம், புதிதாகச் செய்யச் சொல்லும்போது சட்டங்களையும் கண்ணாடிப் பிம்பமாக வைக்கச் சொல்வதுதான். பணம் கொடுத்துச் செய்விக்கும் வாத்தியத்தில் உள்ளும் புறமும் ஒத்திருக்க வேண்டும்.

கைச்செலவைப் பார்ப்பவருக்கும் வழி இருக்கிறது. சட்டங்களை ஏணிப்படிபோலக் குறுக்காக மட்டும் ஒட்டிய பழைய சிகாகோ டெனர்கள் உண்டு. ஹார்மனி கம்பெனியின் ஸ்டெல்லா வகை அப்படி. அவற்றுக்கு இடம் வலம் இல்லை. பலவற்றில் பிரிட்ஜும் ஒட்டப்பட்டதல்ல. தந்தியின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும், எடுத்துத் திருப்பி வைத்துவிடலாம். வளைந்த மேல்பலகையும் எஃப் வடிவத் துளைகளும் கொண்ட ஆர்ச்டாப் டெனர்களுக்கும் இது பொருந்தும். நட்டை மட்டும் மாற்றினால் முழு இடக்கை வாத்தியம் தயார்.

எதையும் மாற்றாமல் வாசித்தவர்களும் இருக்கிறார்கள். வட கரோலினாவின் எலிசபெத் காட்டன் வலக்கைக் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலில் மெட்டையும் மற்ற விரல்களில் கீழ்ஸ்தாயியையும் வாசித்தார். ‘ஃப்ரெய்ட் ட்ரெயின்’ அந்தக் கையில் பிறந்த பாட்டு. அது ஒரு தனிமேதையின் பாதை. அதில் போகிறவர் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். புத்தகமும் ஆசிரியரும் அவ்வளவாக உதவ மாட்டார்கள்.

கிட்டாரைத் தேடும் முன்பே சுருதியை முடிவு செய்யுங்கள். நட்டின் பள்ளங்கள் அதைப் பொறுத்தவை. சி-ஜி-டி-ஏ பழைய ஜாஸுக்கும் பாட்டுத் துணைக்கும் உகந்தது. அயர்லாந்து மெட்டுகளுக்கு ஜி-டி-ஏ-ஈ. அதற்குத் தந்திகள் பருக்க வேண்டும். டி-ஜி-பி-ஈ சுருதிக்குச் சிகாகோ டியூனிங் என்று பெயர். ஆறு தந்தியின் மேல் நான்கேதான் அது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் குழுவான கிங்ஸ்டன் ட்ரியோவின் நிக் ரெனால்ட்ஸ் வழி அது. பஞ்சமச் சுருதிகளில் விரல் நீள வேண்டும். நட்டிலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை மாண்டலினில் நாலரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். 23 அங்குல டெனரில் ஏழரையைத் தாண்டும். இடக்கைக்காரருக்கு இந்த நீட்சி முழுவதும் வலக்கை விரல்களில் விழும். சிறிய கை என்றால் தந்தி நீளம் குறைந்ததைத் தேடலாம், அல்லது சிகாகோ டியூனிங்கில் தொடங்கலாம்.

வாங்கும் இடத்தில் மூன்று சோதனை போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வரும் ஸ்வரமும் அங்கே தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் நான்கு தந்தியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகள் உங்கள் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்த தந்திகளை ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி அடங்கும்வரை காத்திருங்கள். நான்கு குரலும் ஒன்றாக அடங்கினால் அது நல்ல வாத்தியம்.

என் தீர்ப்பு இது: பணம் இருந்தால் இடக்கைக்கென்றே செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏணிச் சட்டமும் நகரும் பிரிட்ஜும் உள்ள பழைய டெனரை வாங்கி நட்டை மாற்றுங்கள். ஒட்டிய பிரிட்ஜுள்ள அரிய பழைய மார்ட்டினை மட்டும் வெட்டாதீர்கள். அதை வலக்கைக்காரருக்கு விட்டுவிடுங்கள். இடக்கையை விட்டுவிட்டு வலக்கைக்குப் பழகிக்கொள்ளச் சொல்பவரிடம், டெனர் கிட்டார் எப்படிப் பிறந்தது என்று சொல்லுங்கள்.