ஐம்பத்தேழு பட்டை

திருச்சி, புதுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது நெடுநாள் குடிசைத் தொழில். மூலக்கல் உலையில் வளர்ந்தது. பிரெஞ்சு வேதியியலர் வெர்னாய் 1902-இல் அறிவித்த சுடர்முறையில் கெம்பும் அதன் நிறமற்ற வடிவமான வெள்ளைக்கல்லும் வந்தன. 1976 வாக்கில் கியூபிக் சிர்க்கோனியா சந்தைக்கு வந்து, கடைகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' ஆனது. மூலக்கல் மலிவு என்பதால் இதில் ரசிப்பதற்கு உள்ளதெல்லாம் கைவேலைதான். வைரத்தில் அரிய பொருள் என்ற மயக்கம் பாதிக் குறையை மறைத்துவிடும். இதில் அந்தச் சலுகை கிடையாது.

கல்லை அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, சுழலும் தகட்டில் சாய்த்துப் பிடிக்கிறார்கள். வட்டக் கல்லின் மேற்பாதியில் நடுவே ஒரு தட்டை முகம், சுற்றிலும் எட்டு, எட்டு, பதினாறு என முப்பத்துமூன்று பட்டைகள். பிறகு அரக்கை இளக்கிக் கல்லைப் புரட்டி ஒட்டி, அடியில் இருபத்துநான்கு. இந்தப் புரட்டலில் நடு விலகினால், மேல் பட்டையும் அடிப் பட்டையும் இடுப்பில் நேருக்கு நேர் சந்திக்காது. எட்டுப் பட்டைகள் ஒரே புள்ளியில் கூராகக் கூட வேண்டிய அடிமுனையில் ஒன்று முந்தினாலும், உருப்பெருக்கியில் அங்கே சின்னக் கோடு கிடக்கும். நல்ல வேலையை அந்த முனையிலேயே கண்டுகொள்ளலாம்.

அடிக்கோணம் ஏறக்குறைய 41 பாகை. அதிகம் தட்டையானால் ஒளி கீழே ஒழுகி நடுவில் சன்னல் திறக்கும். அதிகம் ஆழமானால் நடு கறுத்துப்போகும். சிர்க்கோனியாவின் ஒளிவிலகல் எண் 2.15-க்கு மேல் என்பதால் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். வெள்ளைக்கல்லுக்கு அது 1.76தான், அதில் பிழைக்கு இடம் குறைவு. ஆகவே கையின் தேர்ச்சியைச் சோதிக்க வெள்ளைக்கல்லே சரியான கல். வானவில் சிதறலில் சிர்க்கோனியா வைரத்தையே மிஞ்சும். பார்க்கப் பகட்டு, ஆனால் அந்த மிகையே பழகிய கண்ணுக்கு ஆள்காட்டி.

இப்போது கோணத்தைக் கணினியில் ஒளிப்பாதை ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்கும் மென்பொருள்கள் உண்டு. சீனாவின் ஊசோவில் இயந்திரங்கள் தீட்டிக் குவிக்கும் மலிவான கற்களால் இங்கே பல பட்டறைகள் ஓய்ந்தன. இயந்திரக் கல்லில் அளவு பிசகாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நகையாக்கும்போது கல்லின் கதி பதிப்பவர் கையில். அடியை மூடிக் கட்டினால் கல்லின் குறை மறையும். திறந்து கட்டினால் தெரியும். குறையைச் சொல்லும் துணிவுக்கு இந்த வட்டாரத்திலேயே சான்று உண்டு: கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் ஓங்கி நிற்கும் சிவனுக்கு எதிரே, அவரிடமே குற்றம் சொல்லப் பயப்படாத புலவர் நக்கீரருக்குச் சிலை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தோடு செய்யக் கொடுக்குமுன், கல்லை முகம் மேலாக நாளிதழ் மீது வைத்துப் பார்க்கட்டும். நடுவில் எழுத்து படிக்கக் கிடைத்தால் அந்தக் கல் வேண்டாம்.